ஏற்காட்டில் ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளி: உங்கள் கேள்விக்கு

வணக்கம் சகோதரி. மகள் ஏழாம் வகுப்பு, அரசு நடுநிலைப்பள்ளியில் ஓவிய ஆசிரியர் இல்லை, தோட்ட வேலையை விட்டு வாராவாரம் சேலத்துக்குக் கூட்டி வர முடியாது என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளுக்கு ஓவியம் போன்ற கலைகள் கற்றுத்தரும் சேலம் ஜவகர் சிறுவர் மன்றத்தைப் பலர் சொல்வார்கள். நல்ல இடம்தான். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவது அந்தப் பிள்ளைக்குப் பெரிய பாடு.

ஆசிரியரைப் பள்ளிக்கே கேளுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அங்கே தீர்மானம் போட்டு, நகலை வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். மலைப் பள்ளியில் நூறு தேறாது என்றால், பக்கத்துப் பள்ளியின் ஓவிய ஆசிரியரை வாரம் அரை நாள் அனுப்பும்படி அதே தீர்மானத்தில் கேளுங்கள்.

வாயால் சொல்வதோடு, அவள் வரைந்ததையும் எடுத்துப் போங்கள். எங்கள் குழுக் கூட்டத்தில் ஓர் அம்மா மகனின் கணக்கு நோட்டைத் திருப்பிக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் வீட்டுத் தறியை பால்பாயிண்ட் பேனாவால் இழை இழையாக வரைந்திருந்தான். அதுவரை பேசாதவர்கள்கூட கையெழுத்துப் போட்டார்கள்.

அப்புறம், பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழாவில் ஓவியத்துக்கு அவள் பெயரைக் கொடுக்க இப்போதே தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். பள்ளியில் ஜெயித்தால் வட்டாரம், மாவட்டம் என்று மேலே போகலாம். தீர்மானம் எழுத உதவி வேண்டுமென்றால் இங்கேயே கேளுங்கள், எழுதித் தருகிறேன்.