ரெசல்யூஷன் சமமாக இருந்தால் எந்த டிசைனை எடுப்பது?

7 காரணிகள், 32 ரன்கள் (சோதனை ஓட்டங்கள்), இரண்டு பின்னக் காரணி டிசைன்களுக்கும் (எல்லாச் சேர்க்கைகளையும் அல்லாமல் ஒரு பகுதியை மட்டும் சோதிக்கும் திட்டங்கள்) ரெசல்யூஷன் 4. எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த விளைவுகள் பிரித்தறிய முடியாதபடி கலக்கின்றன என்று காட்டும் பட்டியல்தான் வரையறைத் தொடர்பு; அதிலுள்ள ஒவ்வொரு காரணித் தொகுப்பும் ஒரு ‘சொல்’. ரெசல்யூஷன் சொல்வது அதிலுள்ள மிகக் குறுகிய சொல்லின் நீளத்தை மட்டுமே. அத்தகைய சொற்கள் எத்தனை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

6=123 (1, 2, 3 காரணிகளின் நிலைகளைப் பெருக்கி 6-ஆம் காரணியின் நிலையைப் பெறுவது), 7=234 என அமைத்தால் 1236, 2347, 1467 என்று நீளம் 4 உள்ள சொற்கள் மூன்று. 6=1234, 7=1235 என்றால் 4567 ஒன்றுதான்; மற்ற இரண்டின் நீளம் 5. மொத்தமுள்ள 21 இருகாரணி இடைவினைகளில் (ஒரு காரணியின் விளைவு இன்னொன்றின் நிலையைப் பொறுத்து மாறுவது), வேறொரு இருகாரணி இடைவினையோடு கலக்காதவை முதல் டிசைனில் 6, இரண்டாவதில் 15! தயங்காமல் இரண்டாவதை எடுங்கள்.

குறுஞ்சொற்கள் குறைந்ததைத் தேர்வதே 1980-இல் ஃப்ரைஸும் ஹன்டரும் முன்வைத்த மினிமம் அபரேஷன். ஆனால் அதையே வேதவாக்காகக் கொள்ளாதீர்கள்: 9 காரணிகள், 32 ரன்கள் எனும்போது அதில் முதலிடம் பெறும் டிசைனைவிட வேறொன்றில் கலக்காத இடைவினைகள் அதிகம். முக்கியமான இடைவினைகள் எவை என்று முன்பே தெரிந்தால், நான் முதலில் அவை கலக்காமல் இருக்கின்றனவா என்றே பார்ப்பேன்.