அடங்கிய குதிரை (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு பெட்டைக் குதிரை வாங்கினேன். செவலை, நாலு வயது. சுழி பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய்த்தான் வாங்கினேன். கோபி பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. மகளுக்குச் சவாரி பழக ஆசை. ஆனால் வந்த நாளிலிருந்து குதிரை கடிவாளம் மாட்ட விடுவதில்லை. காதுப் பக்கம் கை போனாலே தலையை உயரத் தூக்கிக்கொள்கிறது. பழக்குகிறவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஒரு நாள் தீவனமும் தண்ணீரும் காட்டாமல் கட்டிப்போடு, முன்னங்கால் ஒன்றை மடக்கிக் கட்டு, அடியாத மாடு படியாது என்றார். எனக்கு மனசு வரவில்லை. யூடியூபில் ஒரு வெளிநாட்டுப் பயிற்சியாளர் முரட்டுக் குதிரை ஒன்றை அடிக்காமலே, வட்டமான வேலிக்குள் விட்டு, அரை மணி நேரத்தில் தன் பின்னால் நடக்க வைத்தார். நானும் அப்படிச் செய்யலாமா? வாயை உறுத்தாத கடிவாளம் எது? மார்வாரி, கத்தியவாரி என்ற இரண்டு குதிரை இனங்களில் எது சாது? நெற்றியில் இரட்டைச் சுழி இருந்தால் முரடு என்பது உண்மையா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

‘எனக்கு மனசு வரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நம்பித்தான் இந்தப் பதில்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். மார்வாரியா கத்தியவாரியா என்பது வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டியது. இப்போது உங்கள் தோப்பில் நிற்பது ஒரே ஒரு குதிரை, அதன் சுபாவத்தைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சுழியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நெற்றி மயிர் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்க்க ஆள் கூட்டிப்போன நீங்கள், அதன் பல்லையும் காதையும் குளம்பையும் பார்க்க ஒரு கால்நடை மருத்துவரைக் கூட்டிப்போயிருக்க வேண்டும். இது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிற விஷயம்.

அதைவிடக் கோபம் தருவது அந்தப் பட்டினி யோசனை. குதிரையின் உடம்பு நாளெல்லாம் மேய்ந்துகொண்டே இருப்பதற்காக அமைந்தது. தின்றாலும் தின்னாவிட்டாலும் இரைப்பையில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். புல்லோ வைக்கோலோ உள்ளே போகாதபோது அந்த அமிலம் இரைப்பையையே அரிக்கிறது. தண்ணீரும் இல்லையென்றால் குடலில் தீவனம் இறுகிக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்றுவலி கண்ட குதிரை ஒரே இரவில் செத்துப்போகலாம். இது தெரியாதவர் பழக்குகிறவர் என்ற பெயரில் ஊர் ஊராகப் போய் வருகிறார். நீங்கள் அவருக்குப் பணமும் கொடுத்திருப்பீர்கள்.

சரி, அந்த யூடியூப் காட்சிக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். சமீபத்தில் ஒரு கல்யாண ஊர்வலம் பார்த்தேன். செண்டை, பேண்டு வாத்தியம், தெருவை அடைத்துச் சரவெடி. நடுவில் மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு ஒரு வெள்ளைக் குதிரை. காலடியில் வெடி வெடித்தபோதும் அது அசையவில்லை. ‘எவ்வளவு சாது பாருங்க’ என்றார் பக்கத்தில் நின்றவர். நான் அதன் காதுகளைப் பார்த்தேன். குதிரையின் இரண்டு காதுகளும் தனித்தனியாகத் திரும்பக்கூடியவை. எங்கே சத்தம் கேட்டாலும் ஒரு காதாவது அந்தப் பக்கம் போகும். இந்தக் குதிரையின் காதுகள் இரண்டும் பக்கவாட்டில் தளர்ந்து அப்படியே கிடந்தன. வெடிச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுப் பழகி, இது ஒன்றும் செய்யாது என்று தெரிந்துகொண்ட குதிரையின் காது அப்படி இருக்காது. எதைச் செய்தாலும் பயனில்லை என்று விட்டுவிட்ட உயிரைத்தான் அவர் சாது என்று மெச்சினார்.

அமெரிக்காவின் ஓஹையோவில் ஜான் ராரே என்று ஒருவர் இருந்தார். 1827-ல் பிறந்தவர். 1858-ல் இங்கிலாந்துக்குப் போய், யாரும் கிட்ட நெருங்க முடியாத குரூசர் என்ற பந்தயக் குதிரையை அடக்கிக் காட்டினார். வாய்க்கு இரும்புக் கூடு போட்டு அடைத்து வைத்திருந்த குதிரை அது. விக்டோரியா மகாராணிகூட அவருடைய வித்தையைப் பார்த்தார். ராரே சாட்டையை எதிர்த்தவர். பயமும் கோபமும் குதிரைக்காரனுக்கு ஆகாது என்று ஊர் ஊராகச் சொன்னார். நடுத்தெருவில் குதிரைகளை அடித்தே கொல்லும் காலத்தில் அது பெரிய காரியம், அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் செய்தது என்ன? முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டுவார். மூன்று காலில் தள்ளாடும் குதிரையின் மற்ற முன்னங்காலையும் இன்னொரு வாரால் இழுத்துக்கொள்வார். குதிரை மண்டியிட்டுப் போராடும், வியர்வையில் நனையும், கடைசியில் படுத்துவிடும். அப்புறம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுப்பார், பேசுவார், அதன் மேலேயே உட்காருவார். எழுந்த குதிரை அவர் சொன்னபடி கேட்கும். பார்த்தவர்கள் இதை அன்பின் வெற்றி என்றார்கள்.

உங்களிடம் வந்தவர் சொன்ன யோசனையும் இதுதான், முன்னங்காலை மடக்கிக் கட்டுவது. அவரிடம் கடைசியில் தடவிக் கொடுக்கிற பகுதி இல்லை, அவ்வளவுதான்.

குதிரை ஓடித் தப்பிப் பிழைக்கிற உயிர். அதற்குக் கொம்பில்லை, கூர்நகம் இல்லை, இருப்பதெல்லாம் கால். அந்தக் காலை எடுத்துவிட்டுக் கீழே படுக்க வைத்தால், புலி வந்து கழுத்தைப் பிடித்தாலும் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற இடத்துக்கு அதைக் கொண்டுபோய் விடுகிறோம். அதன் பிறகு வரும் அமைதிக்கு நம்பிக்கை என்று பெயர் வைக்க எனக்கு வாய் வராது.

வட்ட வேலியில் கயிறும் இல்லை வாரும் இல்லை, அதனால் அது வேறு என்று நினைக்கிறீர்கள். இன்னொரு முறை அந்தக் காட்சியைப் பாருங்கள். பயிற்சியாளர் நடுவில் நின்று கையை வீசி விரட்டுகிறார். குதிரை வேலியோரமாக ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது, வெளியே போக வழியில்லை. ஒரு கட்டத்தில் தலையைத் தாழ்த்தி அவர் பக்கம் திரும்புகிறது. உடனே அவர் விரட்டுவதை நிறுத்துகிறார். அவர் பக்கம் திரும்பினால் மட்டுமே விரட்டல் நிற்கும் என்று கற்றுக்கொண்ட குதிரை அவர் பின்னால் வருகிறது. ‘என்னைத் தலைவனாக ஏற்றுக்கொண்டது’ என்கிறார் அவர். ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதருக்குப் பதிலாக ரிமோட்டில் ஓடும் பொம்மைக் காரை வைத்து இதையே செய்து பார்த்து 2012-ல் சொன்னார்கள். கார் விரட்டியது. குதிரை காரின் பக்கம் திரும்பியதும் கார் நின்றது. குதிரைகள் காரிடமும் அப்படியே திரும்பி வரக் கற்றுக்கொண்டன. பொம்மைக் காரைத் தலைவனாக ஏற்றுக்கொண்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா?

அதனால் தோப்பில் வட்ட வேலி அடிக்க வேண்டாம்.

நான் பழனியில் வளர்ந்தவன். அடிவாரத்தில் ஜட்கா வண்டிகள் வரிசையாக நிற்கும். அதில் ஒரு பாயின் வண்டியில் ஏறத்தான் நாங்கள் அடம்பிடிப்போம். அவர் புதிதாக வாங்கிய குதிரை ஒன்று வாய்க்கால் பாலத்தைத் தாண்ட மறுத்தது. மழைக்காலத்தில் கீழே தண்ணீர் இரைச்சலோடு போகும். மற்ற வண்டிக்காரர்களின் குதிரைகளும் அந்த இடத்தில் தயங்கும், சுளீரென்று ஒன்று விழும், பாய்ந்து தாண்டிவிடும். பாய் என்ன செய்வார் என்றால், வண்டியை விட்டு இறங்கி, குதிரையின் கண்பட்டையை அவிழ்த்துவிடுவார். தோள் பக்கம் நின்று, கழுத்தும் முதுகும் சேருகிற இடத்தில் நகத்தால் சொறிந்து கொடுப்பார். அது தண்ணீரைப் பார்க்கும், மூச்சைச் சீறும், இரண்டடி பின்னால் போகும். போக விடுவார். வண்டியில் இருக்கும் பக்தர்கள் கத்துவார்கள், நடை சாத்திவிடும் என்பார்கள். ‘பாலம் கெட்டியா இருக்குன்னு நமக்குத் தெரியும் சாமி, அதுக்கும் தெரிய வேணாமா?’ என்பார். சிலர் இறங்கி வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள். அன்றைய சவாரிக் காசு போகும். வீட்டில் அத்தனை வாய்களை வைத்துக்கொண்டு அவர் அந்தக் காசைப் போக விட்டார். மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் குதிரை கண்பட்டை இல்லாமலே பாலத்தில் நடந்தது, காதை முன்னால் வைத்துக்கொண்டு.

அவர் சொறிந்துகொடுத்த இடம் இருக்கிறதே, குதிரைகள் ஒன்றோடொன்று நின்று பல்லால் வருடிக்கொள்வதும் அங்கேதான். பிரான்சில் 1993-ல் ஆய்வாளர்கள் அதே இடத்தில் கையால் வருடி அளந்தபோது குதிரையின் இதயத் துடிப்பு குறைந்தது. பாய்க்கு அதைச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. அவர் குதிரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்.

நாம் குதிரையைப் பார்ப்பதைவிடக் குதிரை நம்மைக் கூர்ந்து பார்க்கிறது. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று நூறாண்டுக்கு முன் உலகமே பேசியது. விடை எத்தனையோ அத்தனை முறை குளம்பைத் தட்டும். 1907-ல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதைச் சோதித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்டவரின் தலை, அவர் அறியாமலே, மயிரிழை அளவு அசைந்தது. அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது. ரகசியம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் அசைவை முழுக்க அடக்க முடியவில்லை. கணக்குத் தெரியவில்லையே என்று எல்லாரும் ஏமாற்றமடைந்தார்கள். எனக்கு அதில் பெரிய ஆச்சரியம், அந்த அசைவை ஒரு குதிரை கண்டுபிடித்தது. உங்களுக்குச் சந்தையில் தேங்காய் விலை இறங்கிவிட்டது என்றால், லாயத்துக்குள் நுழையும்போதே உங்கள் தோளில் அது தெரியும். அன்றைக்குக் கடிவாளத்தைத் தொடாதீர்கள். கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்று கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். சாட்டையால் அடித்து ஒரு நாட்டியக்காரரை ஆடவைத்தால் அந்த ஆட்டத்தில் என்ன அழகு இருக்கும் என்று கேட்டவரும் அவர்தான். அந்தியூரில் நாட்டியக் குதிரைகளைக் கைதட்டி ரசிக்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று நம் ஊரில் சொல்வார்கள். சுயநலக்காரரைத் திட்டுவதற்காகச் சொல்வது. எனக்கு அதில் குதிரையின் பக்கம்தான் நியாயம் படுகிறது. எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அது தெளிவாகச் சொல்கிறது. உங்கள் செவலை தலையைத் தூக்குவதும் அப்படித்தான். அது இன்னும் உங்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்கிறது என்றால், சொன்னால் நீங்கள் கேட்கக்கூடும் என்ற எண்ணம் அதற்கு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

அது ஏன் வேண்டாம் என்கிறது? முரட்டுக் குதிரையை நிறுத்தி வைக்கக் காதைப் பிடித்து முறுக்குகிற வழக்கம் உண்டு. உங்கள் குதிரைக்கு அது நடந்திருக்கலாம். அல்லது காதுக்குள் உண்ணியோ புண்ணோ இருக்கலாம், பல் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருக்கலாம். முதலில் மருத்துவர் பார்க்கட்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டாத தூரமில்லை. வலி இருக்கிற இடத்தில் பழக்கம் ஏறாது.

வலி இல்லை என்று தெரிந்த பிறகு, கடிவாளத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நெற்றிக்கு நேரே கையை நீட்டாதீர்கள். குதிரைக்குச் சுற்றிலும் கிட்டத்தட்ட எல்லாம் தெரியும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. தோள் பக்கமாகப் போய், பாய் சொறிந்த இடத்தில் தொடங்குங்கள். கழுத்தில் கையை மெல்ல மேலே கொண்டுபோங்கள். ஓரிடத்தில் அதன் கண் அகலும், உதடு இறுகும், மூச்சு நிற்கும். அந்த இடத்துக்கு நாலு விரற்கடை முன்னாலேயே நிறுத்தி, அது அமைதியாக இருக்கும்போதே கையை எடுத்துவிடுங்கள். இதில்தான் எல்லாம் இருக்கிறது. அது தலையைத் தூக்கிய பிறகு கையை எடுத்தால், தலையைத் தூக்கினால்தான் கை போகும் என்று கற்றுக்கொள்ளும். தூக்கிய பிறகும் விடாமல் பிடித்தால், சொல்லிப் பயனில்லை என்று கற்றுக்கொள்ளும். அது சொல்வதற்கு முன்னால் நீங்களே கையை எடுத்தால், இந்த ஆளுக்குச் சொல்லவே வேண்டியதில்லை என்று தெரிந்துகொள்ளும். நாளைக்கு அந்த நாலு விரற்கடை மூன்றாகும். என்றைக்குக் காதைத் தொடுவீர்கள் என்று தேதி வைக்காதீர்கள். மகளையும் கூட்டிப்போங்கள், பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் படிக்கட்டும். குதிரை தானாக வந்து அவளை முகர்ந்து பார்த்தால், அதைப் பிடிக்கக் கை நீட்டக் கூடாது என்று மட்டும் சொல்லி வையுங்கள். தனியாகக் கட்டிக்கிடக்கும் குதிரைக்குப் பயம் இரட்டிப்பு, துணைக்கு ஒரு ஆடாவது விடுங்கள்.

எந்தக் கடிவாளம் என்று கேட்டீர்கள். மருத்துவர் வாயைப் பார்த்த பிறகு எழுதுங்கள், சொல்கிறேன். அந்தப் பழக்குகிறவர் மறுபடி வந்தால், தோப்பு வாசலிலேயே ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். உள்ளே விடாதீர்கள்.