கொழும்பில அரசாங்க ஸ்கூல் தொடங்குற முதல் கிழமைகள்ல என்ன நடக்கும், பெற்றோர் என்ன செய்யோணும்?

நீங்க ஹட்டன்ல இருந்து வெள்ளவத்தைக்கு மாறி வாறீங்க, மகன் தரம் 1, தவணை தொடங்க முதல் என்னென்ன வாங்கி வைக்கோணும் எண்டு கேட்டிருக்கிறீங்க. நான் கொட்டாஞ்சேனை, என்ர மகள் 2025ல தரம் 1 தொடங்கினவ, மூத்தவன் அந்த வருஷம் தரம் 6. என்னைக் கேட்டா ஆகக் குறைவா வாங்குங்க, வேலை இடத்தில லீவு இருந்தா அதை முதல் ரெண்டு கிழமைக்கு மிச்சம் பிடிச்சு வையுங்க, அந்த ரெண்டு கிழமைதான் முக்கியம்.

நான் செஞ்ச பிழையைச் சொல்றன். அந்த வருஷம் தவணை ஜனவரி 27 தொடங்கினது, நான் டிசம்பர்லயே புறக்கோட்டை மலிபன் வீதிக்குப் போய் ஒற்றை றூல் கொப்பி ஒரு டசின், மட்டை தடிச்ச சி.ஆர். கொப்பி நாலு, கவர் போடப் பிரவுன் பேப்பர் எல்லாம் அள்ளிக் கொண்டு வந்து ராத்திரி ராத்திரியா கவர் போட்டு முடிச்சன், பிறகு ஸ்கூல்ல லிஸ்ட் தந்தா டீச்சர் கேட்டது சதுரக் கொப்பியும் படம் கீற வெள்ளைக் கொப்பியும் தான். மற்றதெல்லாம் இன்னும் அலுமாரியில கிடக்கு. பாடப்புத்தகத்துக்கும் கடை ஏறாதீங்க, 1980ல இருந்து அரசாங்கம் இலவசமாத் தருது. சின்ன ஆக்கள் எழுதிற பயிற்சிப் புத்தகம் புதுசா வரும், மேல் வகுப்புக்குப் போன வருஷப் பிள்ளை பாவிச்சதும் வரலாம், மூத்தவனுக்கு வந்த ஒரு புத்தகத்தில முன்னால பேர் எழுதிற கட்டத்தில ஏற்கனவே ரெண்டு பிள்ளையின்ர பேர் இருந்தது, அவன் மூண்டாவதா தன்ர பேரை நல்ல வடிவா எழுதினான். யூனிஃபோம் துணியும் ஸ்கூலாலதான் வரும் (2025க்கான துணி சீனா அன்பளிப்பாக் குடுத்தது). ஆனா துணி பிந்தினா தையல்காரரிட்ட வரிசை, அதால முதல் கிழமைக்கு ஒரு செட் மட்டும் தைச்சு வையுங்க, போதும்.

தவணை தொடங்கிறதுக்கு முந்தின சனிக்கிழமை சிரமதானம் (பெற்றோர் எல்லாரும் சேர்ந்து ஸ்கூலைத் துப்புரவாக்கிறது) எண்டு மெசேஜ் வரும், தயவு செஞ்சு போங்க. கொழும்பில டெங்குப் பயம் எப்பவும் இருக்கு, லீவில பூட்டிக் கிடந்த ஸ்கூல்ல தண்ணி எங்கெல்லாம் தேங்கி நிக்கும் எண்டு நீங்க நினைச்சும் பாக்க மாட்டீங்க. எங்கட வகுப்புக்குப் பின்னால இருந்த பூச்சட்டித் தட்டை ஒரு அப்பா கவிழ்க்கப் போய் நிண்டிட்டு எங்களைக் கூப்பிட்டார், உள்ளங்கையளவு தண்ணி, அதுக்குள்ள நுளம்புக் குடம்பி நெளியுது. இன்னும் சில நாளில எங்கட பிள்ளைகள் வந்து இருக்கப் போற இடம் அது. அதுக்குப் பிறகு ஒருத்தரும் பத்து மணிக்கு வீட்ட போறம் எண்டு சொல்லேல்ல, பீலி, கூரை, பழைய கதிரை அடுக்கின மூலை எல்லாம் பாத்து முடிக்கப் பகல் ஒரு மணி தாண்டினது.

பிறகு தரம் 1 பிள்ளைகளை வரவேற்கிற கால்கோள் விழா. மங்கள விளக்கு, தேசிய கீதம், அதிபரின்ர பேச்சு, இதெல்லாம் எல்லா இடத்திலயும் இருக்கும். எங்கட ஸ்கூல்ல தரம் 2 பிள்ளைகள் கேட்டடிக்கு வந்து புதுப் பிள்ளைகளைக் கையில பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக் கொண்டு போனவங்க, மகளைக் கூட்டிக் கொண்டு போன பிள்ளைக்கு முன் பல்லு ரெண்டும் இல்ல, "அழாதீங்க தங்கச்சி, உள்ளுக்கு மீன் தொட்டி இருக்கு" எண்டு சொல்லிச்சுது. நான் சொல்லியிருந்தா மகள் கேட்டிருக்க மாட்டா, அந்தப் பிள்ளை சொல்லக் கேட்டா.

விழாவை விடவும் அதுக்குப் பிறகு வாற வகுப்புப் பெற்றோர் கூட்டத்தைத் தவற விடாதீங்க. மகளுக்கு முதல் கிழமை முழுக்க பின்னேரத்தில வயித்து நோ, ரெண்டு நாள் காய்ச்சல் மாதிரி உடம்பு சுட்டது, பள்ளிக்கூடம் பிடிக்கேல்ல போல எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். கொண்டு போன தண்ணிப் போத்தில் அப்பிடியே திரும்பி வாறதை என்ர அம்மாதான் கவனிச்சு ஏன் குடிக்கேல்ல எண்டு கேட்டா, அப்பதான் வந்தது கதை. வீட்டில கொமட், அங்க குந்தி இருக்கிற கக்கூஸ், இருட்டு, கதவுக் கொண்டி இறுக்கம், பூட்டினா திறக்கேலாமப் போயிடும் எண்ட பயத்தில 11.30க்கு நான் போய்க் கூட்டிற வரைக்கும் அடக்கிக் கொண்டு இருந்திருக்கிறா. கூட்டம் முடிய டீச்சரிட்ட தனியாச் சொன்னன், அவ ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு "இவ மட்டும் இல்ல, இன்னும் ரெண்டு மூண்டு பேர் இருப்பாங்க" எண்டு சொல்லி அடுத்த நாளில இருந்து இண்டேவலுக்கு முதல் பொம்பிளைப் பிள்ளைகளை வரிசையாக் கூட்டிக் கொண்டு போய் கதவடியில நிண்டா. நாலு நாளில வயித்து நோ போயிட்டுது. முப்பது நாப்பது பிள்ளைகளை வைச்சிருக்கிற டீச்சருக்கு நாங்க சொல்லாட்டி இதெல்லாம் எப்பிடித் தெரியும்? மகனுக்கு என்ன பயம், என்ன சாப்பாடு ஒத்துக்காது, எல்லாத்தையும் வாயால சொல்லுங்க, வாட்ஸப் குறூப்பில போடாதீங்க, அங்க நூறு மெசேஜுக்குள்ள அது காணாமப் போயிடும்.

மகன்ர கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்து வையுங்க, தடுப்பூசி விபரம் கேப்பாங்க, அஞ்சு வயசு ஊசி போடாட்டி இப்பவே போடுங்க. தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு ஸ்கூல்லயே மருத்துவப் பரிசோதனை நடக்கும், அண்டைக்கு மறிக்காதீங்க. கொழும்பு மாவட்டத்தில கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ஹோமாகம, பிலியந்தலை எண்டு நாலு கல்வி வலயம், வெள்ளவத்தை கொழும்பு வலயத்துக்குள்ள வருது. மாகாண சபைக்குக் கீழ இருக்கிற ஸ்கூல் எண்டா கடிதம், முறைப்பாடு எல்லாத்துக்கும் வலயக் காரியாலயம், தேசிய பாடசாலை எண்டா நேரடியா பத்தரமுல்ல இசுறுபாயவில இருக்கிற அமைச்சுக்குக் கீழ. இது தெரியாம நான் ஒரு கடிதத்தைத் தூக்கிக் கொண்டு ரெண்டு நாள் அலைஞ்சன். ஸ்கூலுக்குக் காசு ஏதும் கட்டினா ரிசீட் வாங்குங்க, கூச்சப்படாதீங்க, கேக்கிறது உங்கட உரிமை.

பிள்ளைகளை இல்லம் இல்லமாப் (ஹவுஸ்) பிரிச்சு நடத்துற இல்ல விளையாட்டுப் போட்டியும் முதல் தவணைக்குள்ளதான் வரும், மார்ச்ல ரோயல் தோமியன் மேட்ச் (ரோயல் கல்லூரிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் வருஷா வருஷம் நடக்கிற கிரிக்கெட்) நாட்கள்ல ரோட்டில நெரிசல் கூடலாம், வேன் அண்ணாவிட்ட முதலே கேட்டு வையுங்க.

இன்னொண்டு, பேர் ஸ்டிக்கர். கடையில அடிச்சுத் தாறது எல்லாம் இங்கிலீஷ். மகள் தன்ர போத்திலை அடையாளம் தெரியாம வேற பிள்ளையின்ரயைக் கொண்டு வந்தா, ஏனெண்டா அப்ப அவவுக்கு வாசிக்கத் தெரிஞ்ச ஒரே சொல்லு தமிழ்ல அவட பேர்தான். பிறகு மார்க்கர் பேனையால தமிழ்ல பெருசா எழுதி விட்டன். உங்கட மகன்ர போத்தில், சாப்பாட்டுப் பெட்டி, குடை மூண்டிலயும் அப்பிடி எழுதி விடுங்க.