சாகேல் வறட்சிக்கு ஆடு மாடுகள்தான் காரணமா?

ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதி காய்ந்துபோனதற்கு அங்குள்ளவர்கள் அளவுக்கு மீறி ஆடு மாடு மேய்த்ததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முக்கியக் காரணம் அது இல்லை. சாகேல் என்பது செனகல் முதல் சூடான் வரை, சகாராவின் தென் ஓரமாக நீளும் பட்டை. ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் மழை. 1950களில் நன்றாகப் பெய்தது. 1960களின் கடைசியில் பொய்க்கத் தொடங்கி இருபது வருடம் மீளவில்லை. சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் இருந்த, அந்தப் பட்டையிலுள்ள சாட் ஏரி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கியது.

மேய்ச்சலில் புல் அழிந்தால் வெளுத்த தரை வெயிலைத் திருப்பி அனுப்பும், காற்று மேலெழாது, மழை குறையும் என்று 1975இல் சார்னி என்ற வானிலை விஞ்ஞானி சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் 2003இல் பருவநிலையைக் கணக்கிடும் கணினி மாதிரி ஒன்றுக்குக் கடல் வெப்பநிலையை மட்டும் கொடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். மழையின் ஏற்ற இறக்கம் பெருமளவு அப்படியே வந்தது!

வெப்பமண்டல மழைப்பட்டை எந்த அரைக்கோளம் சூடாக இருக்கிறதோ அந்தப் பக்கம் சாயும். வறட்சி நிலவிய அந்த வருடங்களில் வட அட்லாண்டிக் குளிர்ந்து, தென் அட்லாண்டிக்கும் இந்தியப் பெருங்கடலும் சூடாக இருந்தன; அதனால் மழைப்பட்டை தெற்கே சாய்ந்து சாகேலை எட்டவில்லை. வடக்கு குளிர்ந்ததில் ஐரோப்பிய, அமெரிக்க ஆலைகள் கக்கிய கந்தகப் புகைக்கும் பங்கு உண்டு. பழி மட்டும் மாடு மேய்த்தவன் தலையில்.

1990களிலிருந்து மழை ஓரளவு திரும்பியிருக்கிறது. ஆனால் கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. முதல் மழையை நம்பிக் கம்பு விதைத்து, இடையில் இரண்டு வாரம் காய்ந்தால் முளை கருகிவிடும், மறுபடி விதைக்க வேண்டியதுதான்.