களைத்த செல்கள் – கடிதம்

வணக்கம் சார்,

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். கட்டிக்குள் இருக்கும் டி செல்கள் (நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள்) களைத்துப்போய்விட்டன, அவற்றை எழுப்ப மருந்து இருக்கிறது என்கிறார் டாக்டர். எதிர்ப்பு சக்தியைக் கூட்ட என்ன கொடுக்கலாம்? ஆளுக்கொரு கஷாயம் சொல்கிறார்கள். அப்பாவோ போராடவே மறுக்கிறார்.

க.

அன்புள்ள க.,

சாப்பாட்டை டாக்டரிடம் கேளுங்கள். கஷாயக்காரர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எதிர்ப்பு சக்தி என்றாலே மேல்தொட்டித் தண்ணீர் மாதிரி, குறைந்தால் ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். படித்தவர்களே இப்படிப் பேசுவதைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. நாள்பட்ட வைரஸ் தொற்று கண்ட எலிகளில்தான் இந்தக் களைப்பை முதலில் பார்த்தார்கள். எதிரி ஒழியாமல் கண்ணெதிரே நின்றுகொண்டே இருந்தால் டி செல் படிப்படியாகத் தளர்கிறது. பிடி-1 என்ற தடை அதன்மேல் ஏறிக்கொள்கிறது. கட்டிக்குள்ளும் இதே கதை. ஹைதராபாத்தில் பிறந்த ராஃபி அகமதுவின் அட்லாண்டா ஆய்வகம் அந்தத் தடையை மறித்துக் காட்டியது, 2006-ல். செல்கள் மறுபடி வேலை செய்தன. டாக்டர் சொல்லும் மருந்தின் வேலையும் இதுதான். இதை எல்லோரும் சொல்வார்கள். அதே ஆய்வின் இன்னொரு பாதியை யாரும் சொல்வதில்லை. பிடி-1-ஐ இயக்கும் பிடி-எல்1 புரதம் பிறவியிலேயே இல்லாத எலிகளுக்கும் அதே வைரஸைச் செலுத்தினார்கள். அவை சில நாட்களில் செத்தன. கொன்றது அவற்றின் சொந்த எதிர்ப்பு சக்தி! தளரத் தெரியாத செல் உடம்பையே தின்றுவிடும். நீங்கள் கூட்டச் சொல்வது எதை?

என் சித்தி படுத்திருந்தபோது சுற்றி உட்கார்ந்து "தைரியமா இரு, போராடு" என்று ஓதிக்கொண்டே இருந்தோம். ஒருநாள் கேட்டாள்: "என்ன பண்ணணும்னு சொல்லுங்கடா, பண்றேன்." ஒருவரிடமும் பதிலில்லை. அப்பாவை விட்டுவிடுங்கள், க. அவர் பேசாமல் படுத்திருப்பதால் ஒரு செல்லும் கூடுதலாகத் தளர்ந்துவிடாது. பேப்பர் வாசித்துக் காட்டுங்கள், அரசியல் பேசுங்கள்.

களைத்ததெல்லாம் ஒரே நிலையில் இருப்பதுமில்லை. டிசிஎஃப்-1 என்ற புரதத்தைத் தக்கவைத்திருக்கும் சில செல்கள் இன்னும் பெருகக்கூடியவை. மருந்து முக்கியமாக அவற்றைத்தான் பெருக்குகிறது. முற்றிலும் ஓய்ந்தவை பெரும்பாலும் எழுவதில்லை. சிலருக்கு மருந்து கேட்பதற்கும் சிலருக்குக் கேட்காததற்கும் இதுவும் ஒரு காரணம்.

தடை விலகிய செல்கள் குடலையும் நுரையீரலையும் தாக்கக்கூடும். ஊசி தொடங்கியபின் வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.