கணினிக் கேள்வி–பதில்: வீட்டில் ஓடும் செயலி கரையில் உறைவது ஏன்?

கேள்வி: நாட்டுப்படகு மீனவர்களுக்காகக் காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் ஒரு சேவையகத்திலிருந்து பெற்றுக் காட்டும் ஆண்ட்ராய்டு செயலியைக் கோட்லின் மொழியில் எழுதியிருக்கிறேன். வீட்டு வைஃபையில் நன்றாக ஓடுகிறது. கடற்கரையில் 'புதுப்பி' பொத்தானைத் தொட்டதும் திரை உறைந்து, 'செயலி பதிலளிக்கவில்லை' என்று வருகிறது. தொடக்கத்தில் வந்த ஒரு பிழையை, இணையத்தில் கிடைத்த ஸ்ட்ரிக்ட்மோட் (செயலியின் தவறான பழக்கங்களைக் கண்காணிக்கும் ஆண்ட்ராய்டு வசதி) வரியைச் சேர்த்துத் தீர்த்துவிட்டேன். (வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: உங்கள் கடைசி வாக்கியத்தில்தான் விடை இருக்கிறது. முதன்மை இழையிலிருந்து (செயலி தன் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் முக்கிய ஓட்டம், ஆங்கிலத்தில் மெயின் த்ரெட்) இணையத்தை அணுகும் செயலியைப் பிழை எழுப்பித் தடுக்கும் ஏற்பாடு, 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 முதல் இருந்துவருகிறது. நீங்கள் சேர்த்த வரி அந்தக் காவலை எடுத்துவிட்டதே தவிர, தவறைத் திருத்தவில்லை.

திரையை வரைவதும் விரலின் தொடுகையைக் கவனிப்பதும் அந்த ஓர் இழையின் வேலை. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில், ஒவ்வொரு முறைக்கும் அதற்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிநொடி மட்டுமே. மீன் ஏலம் கூறுபவரே ஐஸ் வாங்கவும் ஓடினால் ஏலம் நிற்கத்தானே செய்யும்? வைஃபையில் பதில் சட்டென்று வந்துவிடுவதால் குறை கண்ணில் படுவதில்லை. சிக்னல் மங்கும் கரையில் அதே இழை பதிலுக்காகக் காத்து நிற்க, தொடுகைக்கு 5 நொடிகளாக மறுமொழி இல்லாதபோது அந்த அறிவிப்பு எழுகிறது.

எனவே அந்த வரியை நீக்குங்கள். சேவையகத்திலிருந்து தரவு பெற உதவும் ரெட்ரோஃபிட் நூலகம், 2.6 பதிப்பு முதல் சஸ்பெண்ட் செயற்கூறுகளை (இழையைப் பிடித்துவைக்காமல் இடையில் நின்று, பிறகு தொடரக்கூடிய கோட்லின் செயற்கூறுகள்) நேரடியாக ஏற்கிறது. அப்படி எழுதிய செயற்கூறை வியூமாடல்ஸ்கோப்பில் (பக்கத்தின் ஆயுளோடு கட்டுண்ட இயக்கக் களம்) தொடங்கினால் காத்திருப்பு பின்னணிக்குப் போய்விடும், பதில் வந்ததும் அடுத்த வரி முதன்மை இழையிலேயே தொடரும், பயனர் அந்தப் பக்கத்தை மூடிவிட்டால் கோரிக்கையும் கைவிடப்படும். பின்னணி வேலைக்காகப் பழைய பாடங்களில் காணும் ஏசிங்க்டாஸ்க், 2020இல் ஆண்ட்ராய்டு 11உடன் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கரைக்கே உரிய சிக்கல் இன்னொன்று உண்டு. ரெட்ரோஃபிட்டின் அடியில் இயங்கும் ஓகேஹெச்டிடிபி, இணைப்புக்கும் வாசிப்புக்கும் தனித்தனியே 10 நொடி வரம்பு வைக்கிறது. முழு அழைப்புக்கு வரம்பு வைப்பதில்லை. விட்டுவிட்டு வரும் சிக்னலில் தரவு துளித்துளியாக வந்துகொண்டிருந்தால் காத்திருப்பு நீண்டுகொண்டே போகும் என்பதால், முழு அழைப்புக்கான வரம்பாகிய கால்டைம்அவுட்டை 15 அல்லது 20 நொடியாக நீங்களே அமையுங்கள். வரம்பு கடந்தால் எழும் பிழையைப் பிடித்து, கடைசியாகச் சேமித்த முன்னறிவிப்பைக் காட்டலாம். ஆனால் அது பெறப்பட்ட நேரத்தைப் பெரிய எழுத்தில் போடாமல் காட்டாதீர்கள். கச்சான் காற்று வலுக்கும் நாளில், நேற்றைய எண்ணை இன்றையது என்று நம்பிப் படகை இறக்குவதைவிட வெற்றுத் திரை எவ்வளவோ மேல்.

கேள்வி: கடலில் சிக்னல் இல்லாதபோது பதியும் மீன்பாட்டுக் கணக்கைப் பிறகு அனுப்புவது எப்படி? (வாசகர், தொண்டி)

பதில்: கணக்கை முதலில் கைபேசியின் தரவுத்தளத்தில் எழுதி, 'இணைய இணைப்பு இருந்தால் மட்டும்' என்ற நிபந்தனையுடன் அனுப்பும் வேலையை, பின்னணி வேலைகளை ஏற்றுச் செய்யும் ஆண்ட்ராய்டு நூலகமான வொர்க்மேனேஜரிடம் ஒப்படையுங்கள், கைபேசியை அணைத்து எழுப்பினாலும் அது வேலையை மறக்காது. ஒவ்வொரு பதிவுக்கும் கைபேசியிலேயே தனி அடையாள எண் கொடுத்துவிடுங்கள். பதில் வந்து சேருமுன் சிக்னல் அறுந்தால் அதே பதிவு மறுபடியும் போகும். எண்ணைப் பார்த்து இரண்டாவதைத் தள்ளிவிடும்படி சேவையகத்தை எழுதிக்கொள்ளலாம்.