தொடக்கப்பள்ளியில் செய்து கற்பது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளில் கையால் செய்து கற்கும் செயல்பாடுகள் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்துகிறவள், அதனால் காசு செலவில்லாத பொருட்கள்தான் பதில்களில் அதிகம் வரும். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (மூன்றாம் வகுப்பு ஆசிரியர்): டீச்சர், கடன் வாங்கிக் கழித்தல் எத்தனை தடவை நடத்தினாலும் 52-ல் 27 போனால் 35 என்றே எழுதுகிறார்கள். ஈர்க்குச்சி கொடுத்தும் பார்த்துவிட்டேன்.

அந்த 35 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள் சார். 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டார்கள். அவர்களுக்கு 52 என்றால் 5-உம் 2-உம் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது, அவ்வளவுதான். நீங்கள் குச்சியை உதிரியாகக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உதிரியாகக் கொடுத்தால் எண்ணி எடுத்துவிட்டு 25 என்று சரியாகச் சொல்வார்கள், நோட்டில் மறுபடியும் 35 வரும், ஏனென்றால் கை செய்ததற்கும் நோட்டில் இருக்கும் கணக்குக்கும் ஒட்டே இல்லை.

பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போடச் சொல்லுங்கள், அதையும் பிள்ளைகளே செய்யட்டும். இப்போது 5 கட்டு, 2 உதிரி. "ஏழு குச்சி கொடு" என்று கேளுங்கள். இரண்டைக் கொடுத்துவிட்டு முழிப்பார்கள். அந்த இடத்தில் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை "ஒரு கட்டை அவுக்கலாமா?" என்று கேட்கும். அவிழ்த்ததும் உதிரி 12, அதில் 7 போனால் 5, மீதி 4 கட்டில் 2 போனால் 2. உடனே அதே பெஞ்சில் வைத்துக் கட்டுக்கு ஒரு கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி என்று படம் வரையட்டும், அதற்கு அடுத்துத்தான் எண். குச்சி, படம், எண் என்ற இந்த வரிசையில் நடுவில் உள்ள படத்தைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

மாண்டிசோரி வகுப்புகளில் இதற்கென்றே தங்க நிற மணிகளைப் பத்துப் பத்தாகக் கம்பியில் கோத்து வைத்திருப்பார்கள். அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஆனாலும் இந்தக் கணக்குக்கு ஈர்க்குச்சிதான் மேல் என்பேன். கோத்த மணியைப் பிரிக்க முடியாது, அதைக் கொடுத்துவிட்டுப் பத்து உதிரி மணியைச் சில்லறை மாதிரி வாங்க வேண்டும், குச்சிக் கட்டைப் பிள்ளையே அவிழ்க்கலாம்.

கேள்வி (முதல் வகுப்பு ஆசிரியை): எண்ணுவதற்கு என்ன பொருள் நல்லது? எங்கள் பள்ளியில் ஒரு டப்பா நிறைய குன்றிமணி இருக்கிறது.

அந்த டப்பாவை இன்றைக்கே வகுப்பிலிருந்து அப்புறப்படுத்துங்கள். குன்றிமணி விஷம், மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்குக் கொட்டையும் அப்படித்தான். குன்றிமணி அழகாகச் சிவப்பும் கறுப்புமாக இருப்பதால் பிள்ளைகள் பாக்கெட்டில் போட்டு வீட்டுக்கும் கொண்டு போய்விடுவார்கள், வீட்டில் தம்பி தங்கை இருக்கும். புளியங்கொட்டை பயன்படுத்தலாம், ஆனால் முதல் வகுப்பில் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அதனால் தண்ணீர் பாட்டில் மூடிதான் என் முதல் தேர்வு.

கேள்வி (ஈராசிரியர் பள்ளி): ஒரே அறையில் மூன்று வகுப்பு. ஒருவருக்குச் செயல்பாடு கொடுத்தால் மற்றவர்கள் என்ன செய்வது?

2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் அட்டைகள் பல பள்ளிகளில் பீரோவில் இன்னும் கிடக்கும். அவற்றை வெளியே எடுங்கள். ஏணிப்படி மாதிரி வரிசை போட்டு, அவரவர் நிற்கும் படியிலிருந்து ஏறச் சொன்ன முறை அது. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரித்ததற்குக் காரணம் இதுதான், ஒரு வகுப்புக்குள்ளேயே மூன்று வகுப்பு இருக்கிறது. நீங்கள் உட்கார வேண்டியது ஒரே ஒரு குழுவோடு. மற்ற இரண்டு குழுவுக்கும் ஏற்கெனவே தெரிந்த செயல்பாட்டைக் கொடுங்கள். புதியது எதுவாக இருந்தாலும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

கேள்வி (ஒரு அம்மா): மேடம், ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு வாரம் ஒரு புராஜெக்ட் கொடுக்கிறார்கள். தெர்மாகோல் வாங்கி நாங்கள்தான் செய்கிறோம். இதுவும் செயல்பாடுதானா?

இல்லைங்க. அப்பா வெட்டி, அம்மா பெயிண்ட் அடித்து, பையன் தூக்கிக்கொண்டு போவதில் அவன் எதையும் கற்பதில்லை. டீச்சரிடம் பக்குவமாகப் பேசிப் பாருங்கள், அவர்களும் மேலிருந்து சொன்னதைச் செய்துகொண்டிருக்கலாம்.

அதற்குப் பதிலாக வீட்டில் இதைச் செய்யலாம். நான்கு டம்ளர், ஒரு கைப்பிடி பச்சைப்பயறு. ஒன்றில் வெறும் பயறு, ஒன்றில் ஈரத்துணியில் வைத்தது, ஒன்றில் தண்ணீரில் முழுக்க மூழ்கியது, இன்னொன்றில் ஈரத்துணியில் சுற்றி இருட்டு அலமாரிக்குள். எது முளைக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அது ரொம்ப முக்கியம், எழுதாமல் விட்டால் அப்புறம் "எனக்கு அப்போதே தெரியும்" என்பான். இருட்டில் முளைக்காது என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். இரண்டு நாளில் அலமாரியைத் திறந்தால் அங்கேயும் முளை விட்டிருக்கும். விட்டுவைத்தால் வெளிறிப்போய் நீள நீளமாக வளரும். முளைக்க ஈரமும் காற்றும் வேண்டும், வெளிச்சம் தேவைப்படுவது இலை விட்ட பிறகு என்று அவனே வந்து சேருவான். மூழ்கிய பயறு கொஞ்சம் முளை காட்டினாலும் சீக்கிரம் அழுகி நாறும், அந்த நாற்றமும் பாடம்தான்.

கேள்வி (ஆசிரியர் பயிற்சி மாணவி): அக்கா, தமிழில் என்ன செயல்பாடு செய்ய முடியும்? ல, ள, ழ மூன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

நாக்கே கருவிதான்மா. ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி கொடு, இல்லையென்றால் எதிரெதிரே உட்கார வை. ல சொல்லும்போது நாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் தொடும், ள-வுக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும், ழ-வுக்கு வளையும் ஆனால் தொடாது. இதை நீ சொல்லிவிடாதே, "எங்கே தொடுது?" என்று மட்டும் கேள். அப்புறம் பல், வாள், பழம் என்று படங்களை மூன்று கூடையில் போட வை. எழுத்துப்பிழை ஒரே வாரத்தில் போய்விடாது, ஆனால் காதுக்கு வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: 1/3-ஐ விட 1/4 பெரியது என்கிறார்கள்.

4 பெரிய எண் என்பதால். ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டை, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடித்து ஒவ்வொரு துண்டு கிழித்து அருகருகே வைத்தால் போதும். மூன்றாக மடிப்பது பிள்ளைகளுக்குக் கஷ்டம், அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி (தனியார் பள்ளி ஆசிரியை): வகுப்பில் 40 பேர். சத்தம் வந்தால் எச்.எம். எட்டிப் பார்க்கிறார், போர்ஷனும் முடிய வேண்டும்.

உங்கள் நிலைமை கஷ்டம்தான், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். எல்லாப் பாடத்துக்கும் செயல்பாடு வேண்டாம், பிள்ளைகள் வருடா வருடம் தடுக்கி விழும் இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: இடமதிப்பு, கழித்தல், பின்னம், அளவை. ஐந்து பேருக்கு ஒரு ஐஸ்கிரீம் டப்பா, எடுப்பதும் எண்ணித் திருப்பி வைப்பதும் அவர்கள் பொறுப்பு. குழுவில் ஒரே பிள்ளை எல்லாவற்றையும் செய்துவிடும் என்பதால் குச்சியைத் தொடுபவர் ஒருவர், நோட்டில் வரைபவர் இன்னொருவர், சொல்பவர் வேறொருவர் என்று முறை மாற்றுங்கள். எச்.எம். எட்டிப் பார்த்தால் உள்ளே கூப்பிட்டு, ஏதாவது ஒரு பிள்ளையிடம் "என்ன செய்யறே?" என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை பதில் சொல்லத் திணறினால் செயல்பாட்டை மாற்ற வேண்டும், தெளிவாகச் சொல்லிவிட்டால் உங்கள் சார்பில் வாதாட வேறு யாரும் தேவையில்லை.